மாசிப் பனியும் முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்

வாசகர் கடிதம்

அன்புள்ள மேடத்துக்கு,

வணக்கம். எனக்கு 47 வயது. சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறாள். மகன் பிளஸ் டூ படிக்கிறான். நான் எழுத வந்தது அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்கு 73 வயது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில்தான் இத்தனை வருடமும் இருந்தார். அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கேத்தி ஸ்டேஷனில் மலை ரயில் ஏறி அருவங்காட்டில் இறங்குவார். ரிட்டயர் ஆவதற்கு முன்பே கேத்தியில் இடம் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினார். பள்ளத்தில் சல்லிசாகக் கிடைத்த மனையை விட்டுவிட்டு மேட்டில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். “குளிரும் தண்ணி மாதிரிதான்டா, பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும்” என்பார். அது உண்மைதான். மார்கழி, தை மாதங்களில் காலையில் எங்கள் வாசலில் நின்று பார்த்தால் கீழே கேரட் தோட்டமெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடக்கும். எங்கள் வீட்டு ரோஜாச் செடிகளில் நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும்.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. அதிலிருந்து அம்மா அங்கே தனியாகத்தான் இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலை ஏழு மணிக்குப் பால் கொண்டுவந்து கொடுத்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார். போன டிசம்பர் கடைசியில் ஒருநாள் அந்த அக்கா கதவைத் தட்டியிருக்கிறார், சத்தமே இல்லை. பின்பக்கமாகப் போய்த் திறந்து பார்த்தால் அம்மா கட்டிலுக்குக் கீழே அரை மயக்கத்தில் கிடந்திருக்கிறார், வாந்தி வேறு. முந்தின ராத்திரி குளிர் தாங்காமல் குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டுப் படுக்கையறைக்குள் வைத்து, ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு நாளில் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் டாக்டர் என்னிடம் போனில் சொன்ன ஒரு வாக்கியம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. “இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருந்தா சொல்ல முடியாது சார்.”

பெங்களூரில் இருக்கும் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள், “போதும்டா, கூட்டிட்டு வந்துடு, வீட்ட வித்துடலாம்” என்று. நானும் முடிவெடுத்துவிட்டுத்தான் காரை எடுத்தேன். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி மலை ஏற இ-பாஸ் வேண்டும் இல்லையா, நான் பிறந்து வளர்ந்த ஊருக்கே விருந்தாளி மாதிரி இ-பாஸ் எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மாவிடம் “குளிர் முடியற வரைக்கும் சென்னையில இரும்மா” என்று மட்டும்தான் சொன்னேன். அவரும் மறுத்துப் பேசவில்லை. கிளம்பிய அன்று காலை ஆறரைக்கெல்லாம் டியூபைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். “வெயில் படறதுக்குள்ள பனியக் கழுவி விட்டறோணும் கண்ணு, இல்லீன்னா கருகிப் போகும்.” கை இரண்டும் சிவந்து விறைத்திருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, எந்தச் செடிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விட வேண்டும் என்று கால் மணி நேரம் சொன்னார். நான் காருக்குள் உட்கார்ந்து ஹாரன் அடித்தேன்.

மலை இறங்கினால் கல்லாற்றில் ஸ்வெட்டரைக் கழற்றுவது எங்கள் குடும்ப வழக்கம். சின்ன வயதில் பஸ்ஸில் வரும்போது பாக்குத் தோப்பு கண்ணில் பட்டதும் அப்பா “ம், கழட்டுங்க” என்பார், நாலு பேரும் ஒரே நேரத்தில் கழற்றுவோம். இந்த முறை பாக்குத் தோப்பு வந்தது, நான் ஏசியைப் போட்டேன், அம்மா கழற்றவில்லை. மேட்டுப்பாளையத்தில் டீ குடித்தோம். அன்னூர், அவிநாசி, பெருந்துறை எல்லாம் தாண்டியாகிவிட்டது. மஞ்சள் காட்டில் தாள் அறுத்துப் போட்டிருந்தார்கள். அப்போதும் அதே பச்சை ஸ்வெட்டர், மேல் பட்டன் வரை போட்டபடி. பவானி தாண்டிக் காவிரிப் பாலத்தில் கையெடுத்துக் கும்பிட்டார், அவ்வளவுதான்.

சங்ககிரி மலை தெரிந்தபோதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார். தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட கோட்டை அது. “உங்கொப்பா இந்தப் பக்கம் வரப்பல்லாம் ஒருநாள் ஏறிப் பாக்கோணும்னு சொல்லுவாரு. வண்டிய நிறுத்தவே இல்ல.” நானும் நிறுத்தவில்லை. மணி இரண்டாகியிருந்தது, இருட்டுவதற்குள் விழுப்புரம் தாண்டிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சேலம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் சேகோ ஆலைகள் வரும். களம் களமாக ஜவ்வரிசியை வெயிலில் காயப் போட்டிருந்தார்கள், பார்க்கவே கண் கூசும் வெள்ளை. அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, “இங்கயும் பனி விழுந்திருக்குது பாரு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு ஏனோ தொண்டையை அடைத்துவிட்டது. மதுராந்தகம் வரும்போது இருட்டிவிட்டது, ரோட்டில் எதிர் வெளிச்சம் தவிர வேறொன்றும் இல்லை. அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை.

கேட்க வந்ததை விட்டுவிட்டு வழியைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், மன்னிக்கவும்.

அம்மா இங்கே வந்து ஐந்து வாரமாகிறது. எங்களுடையது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலை எட்டரைக்கு நாங்கள் மூவரும் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புகிறோம். அம்மா ஒரு குறையும் சொல்வதில்லை. டிவி பார்க்கிறார், காய் நறுக்கி வைக்கிறார். ஆனால் கொண்டுவந்த பையை இன்னும் காலி செய்யவில்லை. அலமாரியில் அவருக்கென்று ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தோம். துவைத்துக் காய்ந்த புடவையை மடித்து அந்தத் தட்டில் வைப்பதில்லை, பைக்குள்தான் வைக்கிறார். அந்தப் பச்சை ஸ்வெட்டர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது.

தை முடியும்போது “எப்ப போறோம் கண்ணு?” என்று கேட்டார். “தைப் பனி தரையத் துளைக்கும், மாசிப் பனி மச்சத் துளைக்கும்னு நீதானே சொல்லுவ, மாசியும் முடியட்டும்மா” என்றேன். அவர் சொல்லிக் கொடுத்த பழமொழியையே அவரிடம் திருப்பினேன். “சரி கண்ணு” என்றார். இப்போது மாசியும் பாதி ஓடிவிட்டது.

இதற்கு நடுவில் வீட்டுக்கு ஒருவர் விலை பேசியிருக்கிறார். தங்கும் விடுதி கட்டப் போகிறாராம். நல்ல விலைதான், மாசிக்குள் அட்வான்ஸ் வாங்கச் சொல்கிறார். அக்கா தினமும் போன் போடுகிறாள். மனைவி “உங்கம்மா, உங்க முடிவு, எனக்கு எதுவானாலும் சரி” என்று ஒதுங்கிக்கொண்டாள். ஆபீஸில் கோடிக்கணக்கில் கணக்கு பார்க்கிறேன், இதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ராத்திரி விற்றுவிடலாம் என்று தோன்றுகிறது. காலையில் அம்மா பால்கனியில் நின்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையே பார்ப்பதைப் பார்த்தால் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. திருப்பி அனுப்பி அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். இங்கேயே வைத்துக்கொண்டால் அந்தப் பையைத் தினமும் பார்க்க வேண்டும். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம்,
மடிப்பாக்கம் வாசகர்


ஆலோசகர் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

வழியைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அதுதான். கேத்தியிலிருந்து மடிப்பாக்கம் வரை வந்த அந்த ஒரு நாளுக்கு இத்தனை வரிகள். அதற்குப் பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து பேசியதாக எத்தனை வரிகள் என்று தேடிப் பார்த்தேன். மாசிப் பனி பற்றிய அந்த ஒரு பதில் மட்டும்தான் கிடைத்தது. அக்கா என்ன சொன்னார், மனைவி என்ன சொன்னார், வீடு வாங்க வந்தவர் என்ன சொன்னார், டாக்டர் என்ன சொன்னார் எல்லாம் இருக்கிறது. “உனக்கு என்னம்மா வேணும்?” என்று யாரும் கேட்டதாக இல்லை. குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. முடிவு வராததற்குக் காரணம் அநேகமாக இதுதான் என்பதால் சொல்கிறேன். அம்மாவின் கணக்கை அம்மாவைக் கேட்காமல் முடித்துவிடப் பார்க்கிறீர்கள். ஒரு பக்கம் வெற்றாக இருக்கும் பேரேடு எப்படி டேலி ஆகும்?

முதலில் உங்கள் பயத்தை எடுத்துக்கொள்கிறேன். அம்மா ஆறு வருடம் தனியாக இருந்தார், ஆறு பனிக்காலம் தாண்டினார். அதில் உங்கள் மனதில் இருப்பது ஒரே ஒரு காலை. ஒரு சம்பவம் எவ்வளவு பளிச்சென்று நினைவுக்கு வருகிறதோ, அவ்வளவுக்கு அது மறுபடியும் நடக்கும் என்று மனம் கணக்குப் போடும். ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இலேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார்கள். விமான விபத்துச் செய்தி பார்த்த வாரத்தில் விமானம் ஏற பயப்படுகிறோமே, அதேதான். “இன்னும் ஒரு மணி நேரம்” என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் அது தினமும் காதில் கேட்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த இரவில் அம்மாவை மயங்க வைத்தது முதுமையும் அல்ல, தனிமையும் அல்ல, குளிரும்கூட நேரடியாக அல்ல. மூடிய அறையில் எரிந்த கரி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, மயக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும், தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள்கூட அறைக்குள் கரியைப் போட்டுவிட்டுப் படுத்து உயிரை விட்டிருக்கிறார்கள். அது 73 வயதுக்காரருக்கு மட்டும் வரும் ஆபத்து இல்லை. படுக்கையறைக்குள் கரி அடுப்பு கிடையவே கிடையாது என்று ஒரு கட்டுப்பாடு, எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் ஒன்று, வெந்நீர்ப் பை ஒன்று, குமுட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவது. வீட்டை விற்றால்தான் தீரும் என்று நினைக்கும் ஆபத்தில் பெரும் பகுதி இந்த நாலு காரியத்தில் தீரும்.

முழுவதும் தீராது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், வயதானவர்களுக்கு இதய ஆபத்து கூடும். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மடிப்பாக்கத்து ஆபத்தையும் அதே கண்ணால் பாருங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. காலை எட்டரை முதல் ஆறு வரை, ஒன்பதரை மணி நேரம், அம்மா அங்கேயும் தனிதான். கேத்தியில் ஏழு மணிக்கு ஒருவர் கதவைத் தட்டுவார், திறக்காவிட்டால் பின்பக்கமாக வந்து பார்ப்பார். மடிப்பாக்கத்தில் காலை பத்து மணிக்கு அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யார் தட்டுவார்கள்? முதியவர்கள் விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். உங்கள் அம்மாவைக் காப்பாற்றியது நீங்களோ அக்காவோ இல்லை, அந்தப் பால்காரத் தோழி. அவர் கடிதத்தில் மூன்று முறை வருகிறார், உங்கள் யோசனையில் ஒரு முறைகூட வரவில்லை.

இப்போது நீங்கள் சொன்ன பொய்க்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பெற்றோரிடம் இப்படி ஒன்று சொல்லி வைத்திருப்பார்கள். “டெஸ்ட் எடுக்கத்தான் போறோம்”, “பேரனுக்குப் பரீட்சை முடியட்டும்”, “பெயின்ட் அடிக்கறோம், வாசனை போகட்டும்”. ஊருக்கு உபதேசம் சொல்லும் நானே என் மாமியாரிடம் ஒரு வருடம் “வெயில் குறையட்டும்” என்று சொல்லியிருக்கிறேன். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் கேட்கிறவருக்குப் பொய் என்று தெரியும். உங்கள் அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பனியில் எழுபது வருடம் வாழ்ந்தவரிடம் மாசிப் பனியைக் காரணம் சொல்கிறீர்கள். அவர் “சரி கண்ணு” என்று சொன்னது உங்களை நம்பியதால் இருக்கலாம், உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதால் இருக்கலாம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. பை காலியாகாமல் இருப்பதற்கும் இதுதான் அர்த்தம் என்று நினைக்கிறேன். வாயால் கேட்டால் மகன் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அவரிடம் பேச வேண்டும். எப்படி என்று யோசித்து யோசித்தே நாள் போகும், எனவே ஒரு வழி சொல்கிறேன். காரில் பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேச முடியாததை, பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசிவிடலாம். அப்பா பிள்ளைகளிடமும் கணவன் மனைவியிடமும் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சங்ககிரியில் அம்மா வாயைத் திறந்தாரே, வீட்டுச் சோபாவில் அது நடந்திருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகன் யாரும் இல்லாமல் நீங்கள் இரண்டு பேர் மட்டும் மதுராந்தகம் வரையாவது போங்கள், பகலில்.

என்ன சொல்வது? “அம்மா, குளிர் முடிஞ்சதும் போலாம்னு நான் சொன்னது நிசமில்ல. உன்ன அனுப்பப் பயமா இருக்கு. அதை நேரா சொல்லத் தெரியல.” இதற்கு மேல் வேண்டாம். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் உடனே பேசமாட்டார். திண்டிவனம் வரை பேசாமல் வந்தாலும் வரட்டும். ரேடியோ போடாதீர்கள்.

அவர் என்ன சொல்வார் என்று நீங்கள் முடிவுகட்டி வைத்திருக்கிறீர்கள், கேத்திக்கே போக வேண்டும் என்பார் என்று. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. சங்ககிரி பேச்சை நீங்கள் அப்பாவின் நினைவு என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் அதிகமாகவே படிக்கிறேனோ என்னவோ, எனக்கு அதில் “எல்லோரும் வண்டியை நிறுத்தாமல்தான் போகிறீர்கள்” என்று கேட்கிறது. ஒருவேளை அவருக்கும் அந்த இரவு பயமாகத்தான் இருக்கிறதோ, அதைச் சொன்னால் வீட்டை விற்றுவிடுவீர்கள் என்று சொல்லாமல் இருக்கிறாரோ? கேட்டால்தான் தெரியும்.

கிளம்பிய அன்று காலை விறைத்த கையோடு அவர் தண்ணீர் விட்டதைப் படித்தபோது ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது, 1976-இல் வெளியானது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம் உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியையும் கொடுத்து, நீங்களேதான் தண்ணீர் விட வேண்டும் என்றார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து மலையைப் புரட்ட வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுவேதான், தலைகீழாக. தினமும் காலையில் பனி எவ்வளவு, வெயில் எப்போது வரும், எந்தச் செடிக்கு முதலில் தண்ணீர் என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தவருக்கு இன்றைக்கு என்ன காய் நறுக்குவது என்பதைக்கூட வேறு யாரோ சொல்கிறார்கள்.

எனவே அவர் எங்கே இருந்தாலும், இருக்குமிடத்தை அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். “ஒன்று கேத்தி, இல்லையென்றால் மடிப்பாக்கம்” என்று இரண்டே கதவுதான் என்பதும் அவசியமில்லை. மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் சென்னையில், மற்ற ஒன்பது மாதமும் கேத்தியில் என்று இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் தேதி போட்டுச் சொல்லுங்கள், பனியை வைத்துச் சொல்லாதீர்கள். பங்குனி முதல் வாரத்தில் கேத்தி, கார்த்திகை கடைசியில் நானே வந்து கூட்டி வருவேன் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். அங்கே இருக்கும் மாதங்களில் பிரஷர் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறவராக இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், 2021 முதல் இருக்கிறது. ஏதாவது அவசரம், யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு தொகை மாதாமாதம் கொடுப்பதைக் கூச்சப்படாமல் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் வேறு விதமாகவாவது செய்யுங்கள். கடன்பட்டதாகத் தோன்றாத உறவில்தான் வயதானவர்கள் தயங்காமல் உதவி கேட்பார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அம்மாவின் விருப்பத்துக்கு மேல் நீங்கள் போகலாம். அவருக்கு மறதி கூடிக்கொண்டே போகிறதா? கேஸை மூட மறப்பது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் மூன்று முறை கேட்பது, தெரிந்த வழி தெரியாமல் நிற்பது, இதெல்லாம் இருந்தால் கதை வேறு. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. செடி செடியாகக் கால் மணி நேரம் விளக்கியவருக்கு நினைவு நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும் சென்னையில் இருக்கும்போதே ஒருமுறை முதியோர் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். கூட்டிப் போகும்போது எதற்குக் கூட்டிப் போகிறீர்கள் என்பதைச் சொல்லியே கூட்டிப் போங்கள். இன்னொரு “டெஸ்ட் எடுக்கத்தான்” வேண்டாம்.

வீட்டைப் பற்றி என் பதில் சுருக்கமானது. அட்வான்ஸ் வாங்காதீர்கள். மாசிக்குள் என்பது வாங்குகிறவரின் அவசரம், உங்களுடையது இல்லை. தவிர, அது அப்பா பெயரில் இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அம்மாவின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. “கையெழுத்து போடும்மா” என்று நீட்டினால் அதையும் “சரி கண்ணு” என்று போட்டுவிடுவார் என்பதுதான் என் கவலை.

அக்காவிடமும் ஒரு வார்த்தை. அவருக்கு வேண்டியது வீட்டு விலையில் பங்கு என்று எனக்குத் தோன்றவில்லை. இரவில் போன் அடித்தால் பதறாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. கரி அடுப்பு போய்விட்டது, ஹீட்டர் வந்துவிட்டது, காலை ஏழே காலுக்கு பக்கத்து வீட்டு அக்கா ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார் என்று சொல்லிப் பாருங்கள்.

எது செய்தாலும் ஏதாவது ஆகிவிட்டால் என்னை மன்னிக்க மாட்டேன் என்கிறீர்கள். ஆமாம், கொஞ்ச நாள் மன்னிக்க மாட்டீர்கள். உங்கள் அப்பா மேட்டில் மனை வாங்கியும் ரோஜாச் செடியின் நுனியில் பனி விழுந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாத ஒரு காரியம் இருக்கிறது. இன்று இரவே பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் போடுங்கள். நீங்கள் பேசாதீர்கள், அம்மாவிடம் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விடுங்கள். ஐந்து வாரமாக எந்தச் செடி கருகியது, எது பிழைத்தது என்று அவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்